கடைசிச் சொட்டும் நம் பொறுப்பே

சுபாங் ஜெயாவில் எங்கள் வீட்டிற்கு அடுத்த வீட்டில் ஒரு பழைய கன்சில் மகிழுந்து நெடுநாளாக நின்றுகொண்டிருந்தது. கன்சில் 1994-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த சிறிய மகிழுந்து. எத்தனையோ மலேசியக் குடும்பங்களுக்கு அதுவே முதல் மகிழுந்து. அடுத்த வீட்டுப் பெரியவரும் தம் பிள்ளைகளை அதில்தான் பள்ளிக்கு ஏற்றிச் சென்றார். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குச் சென்றுவிட்டனர். சக்கரங்களில் காற்றிறங்கி, கூரையில் சாயம் உரிந்து, அந்த மகிழுந்து வீட்டு முற்றத்திலேயே முடங்கிக் கிடந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் என்னை அழைத்தார். “தம்பி, நாளைக்குப் பழைய இரும்பு வாங்குகிற லாரிக்காரர் வருகிறார். தொட்டியில் பத்து லிட்டர் பெட்ரோலாவது இருக்கும். வீணாகப் போகக்கூடாது பார். இந்த ரப்பர் குழாயை உள்ளே விட்டு, வாயால் ஓர் இழுப்பு இழுத்தால் வாளியில் பிடித்துக்கொள்ளலாம்,” என்றார். ஒரு கையில் குழாய், மறு கையில் நெகிழி வாளி. நான்கடி தள்ளி, வாசற்படியில் அவருடைய மனைவி சாம்பிராணிக்குத் தணல் மூட்டிக்கொண்டிருந்தார். பேரப்பிள்ளை அருகிலேயே பந்து விளையாடிக்கொண்டிருந்தான்.

“மாமா, முதலில் அந்த வாளியைக் கீழே வையுங்கள்,” என்றேன். என் குரலில் இருந்த பதற்றம் அவருக்கு வியப்பளித்தது. தாம் செய்யவிருந்தது சிக்கனம் என்றே அவர் எண்ணியிருந்தார். அவர் மட்டுமல்லர், நம்மில் பலரும் அப்படித்தான் எண்ணுகிறோம். அழிக்கப்படவிருக்கும் ஒரு வாகனத்தில் எஞ்சியிருக்கும் எரிபொருளை எப்படி அகற்றுவது என்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். அது உயிரோடும், உடல்நலத்தோடும், நாம் குடிக்கும் நீரோடும் தொடர்புடையது என்பதே என் கருத்து. எரிபொருளை வடிப்பது பயிற்சி பெற்றவரின் வேலை. அது முறையாக வடிக்கப்படுகிறது என்பதை உறுதிசெய்வது வாகன உரிமையாளரின் கடமை. இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளக்கூடாது.

பெட்ரோலின் இயல்பை முதலில் அறிந்துகொள்வோம். பெட்ரோல் திரவமாக எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவியே எரிகிறது. அந்த ஆவி தீப்பற்றும் அளவுக்கு எழுவதற்கு வெப்பம் தேவையில்லை. ஏறத்தாழ சுழியத்திற்குக் கீழ் 40 பாகை செல்சியஸ் குளிரிலும் பெட்ரோல் தீப்பற்றும் ஆவியை வெளியிடும். அப்படியிருக்க, 33 பாகை வெயில் காயும் சுபாங் ஜெயாவின் நண்பகலில் திறந்த வாளியில் பெட்ரோலை வைத்தால் என்னவாகும்? மேலும், பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. சமையல் புகையைப் போல் அது மேலே எழுந்து கலைந்து போகாது. தரையோடு தரையாகத் தவழ்ந்து செல்லும். முற்றத்தில் வாளி, வாசற்படியில் தணல். இரண்டுக்கும் இடையே நான்கடி தூரம் இருக்கிறதே என்று நாம் நினைப்போம். ஆவிக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டே அன்று.

“தொட்டி காலியாகத்தானே இருக்கிறது, என்ன ஆபத்து?” என்று சிலர் கேட்பர். உண்மையில், காலியானது என்று நாம் நினைக்கும் தொட்டியே அதிக ஆபத்தானது. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறக்குறைய 1.4 விழுக்காடு முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருக்கும்போதுதான் அது தீப்பற்றும். நிறைந்த தொட்டியில் ஆவி மிகுதி, காற்று குறைவு. ஆகவே, தொட்டிக்குள் எளிதில் வெடிப்பு நிகழ்வதில்லை. ஏறக்குறைய வறண்டுவிட்ட தொட்டியிலோ காற்றும் ஆவியும் வெடிப்பதற்கு ஏற்ற அளவில் கலந்திருக்கக்கூடும். 40 லிட்டர் கொள்ளும் ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் 1.4 விழுக்காடு என்பது அரை லிட்டருக்குச் சற்றே கூடுதலான ஆவி. அவ்வளவு ஆவியைத் தருவதற்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான பெட்ரோல் போதும். வடித்துவிட்டோம் என்று நாம் கைகழுவிய பிறகும் தொட்டியின் மூலையில் அந்த அளவு ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கு உலகம் அறிந்த சான்றும் உண்டு. 1996-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட ஒரு பயணிகள் விமானம் வானிலேயே வெடித்துச் சிதறியது. அதிலிருந்த 230 பேரும் உயிரிழந்தனர். நீண்டகால ஆய்வுக்குப் பின், ஏறக்குறைய காலியாக இருந்த நடு எரிபொருள் தொட்டியில் சூடேறித் தேங்கிய ஆவி தீப்பற்றியதே காரணமாக இருக்கக்கூடும் என்று அமெரிக்க விசாரணை வாரியம் முடிவுக்கு வந்தது. எரிபொருள் தொட்டியைப் பொறுத்தவரை, ‘காலி’ என்ற சொல்லை நம்பி ஏமாறக்கூடாது என்பதே அந்தத் துயரம் உணர்த்தும் பாடம்.

எரிவாயுவும் எரிபொருளும் கட்டுமீறினால் என்ன நேரும் என்பதை நம் வட்டாரமே நேரில் கண்டிருக்கிறது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் காலையில், நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாளன்று, சுபாங் ஜெயாவின் புத்ரா ஹைட்ஸ் பகுதியில் நிலத்தடி எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பிடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். நூற்றுக்கணக்கான வீடுகளும் வாகனங்களும் சேதமடைந்தன. அன்று எழுந்த தீப்பிழம்பைத் தொலைவிலிருந்து பார்த்தவர்களும் இன்றுவரை மறக்கவில்லை. அது மாபெரும் குழாய். நாம் பேசுவதோ ஒரு மகிழுந்தின் தொட்டி. அளவு வேறு, காரணமும் வேறு. ஆயினும், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆவி நொடிப்பொழுதில் ஒரு குடியிருப்பையே மாற்றிவிடும் என்பதை அறிந்த ஊர்மக்கள் நாம். மற்றவர்களைவிட நமக்குக் கூடுதல் விழிப்பு இருக்க வேண்டாமா?

தீ மட்டுமே ஆபத்து என்று எண்ணிவிடக்கூடாது. வாயால் குழாயை உறிஞ்சும்போது பெட்ரோல் தொண்டைக்குள் சென்றால், அதில் ஒரு சிறு பகுதி நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். அப்படி இறங்கினால் நுரையீரல் கடுமையான அழற்சிக்கு உள்ளாகும். உயிருக்கே ஆபத்து நேரலாம். பெட்ரோலை விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யக்கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிப்பதும் இதனால்தான். வாந்தியின்போது அது மீண்டும் நுரையீரலுக்குள் புகக்கூடும். மேலும், பெட்ரோலில் பென்சீன் என்னும் வேதிப்பொருள் கலந்துள்ளது. அது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பது உலகளவில் உறுதிசெய்யப்பட்ட உண்மை. பத்து லிட்டர் பெட்ரோலைக் காப்பாற்றினால் நமக்கு மிஞ்சுவது ஏறக்குறைய இருபது ரிங்கிட். இருவர் உணவகத்தில் அமர்ந்து பசியாறினால் தீர்ந்துவிடும் தொகை அது. அதற்காக நுரையீரலைப் பணயம் வைப்பது சிக்கனமாகுமா?

“சரி, நமக்கு வேண்டாம், கால்வாயில் ஊற்றிவிடுவோம்,” என்று சொல்வோரும் உளர். நம் வீட்டு முன்னால் ஓடும் சிறு கால்வாய் பெரிய கால்வாயில் சேர்கிறது. பெரிய கால்வாய் ஆற்றில் கலக்கிறது. சுபாங் ஜெயாவின் நீரைச் சுமக்கும் கிள்ளான் ஆறு, ஷா ஆலம், கிள்ளான் நகரங்களைக் கடந்து கடலில் கலக்கிறது. கால்வாயில் ஊற்றிய பெட்ரோல் நீரின்மேல் மிதந்தபடியே செல்லும். எங்கோ ஒருவர் அணைக்காமல் எறியும் சிகரெட் துண்டு அதைப் பற்றவைக்கலாம். அந்தத் தீயின்மேல் தண்ணீரை ஊற்றினால், மிதக்கும் பெட்ரோலோடு தீயும் பரவும்.

ஆற்றில் எண்ணெய் கலந்தால் என்ன நேரும் என்பதும் சிலாங்கூர் மக்களுக்குப் புதிதன்று. 2019-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சிலாங்கூர் ஆற்றில் டீசல் கலந்தது. அந்த ஆற்றை நம்பியிருந்த நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் இலட்சக்கணக்கான வீடுகளில் குழாய்கள் வறண்டன. 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் ரவாங் பகுதியில் ஒரு துணையாறு மாசடைந்தபோதும் அதே நிலை ஏற்பட்டது. வாளிகளைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த அந்த நாள்களை உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜொகூர், பாசிர் கூடாங்கில் உள்ள கிம் கிம் ஆற்றில் வேதிக்கழிவு கொட்டப்பட்டபோது, 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். எங்கோ ஓரிடத்தில் ஒருசிலர் செய்த செயலுக்கு, அதைச் செய்யாத மாணவர்களும் விலை கொடுத்தனர்.

அப்படியானால் முறையாகச் செய்வது எப்படி? உரிமம் பெற்ற வாகன அகற்றல் மையத்தில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் வாகனத்தின் மின்கலம் துண்டிக்கப்படுகிறது. ஏனெனில், ஒரு சிறு மின்பொறியும் தீக்குக் காரணமாகலாம். பிறகு, எண்ணெய் ஊடுருவாத தளம் கொண்ட, காற்றோட்டமான இடத்தில் வாகனம் மேலே உயர்த்தப்படுகிறது. நிலைமின்சாரம் தேங்காமல் இருக்க, வாகனமும் உறிஞ்சும் கருவியும் கம்பியால் நிலத்தோடு இணைக்கப்படுகின்றன. அதன்பின், தீப்பொறி எழுப்பாத கருவியால் தொட்டியின் மிகத் தாழ்வான இடத்தில் துளையிட்டு, மூடிய குழாய் வழியாக எரிபொருள் உறிஞ்சப்படுகிறது. தாழ்வான இடத்தைத் தேர்வதால் அடியில் எஞ்சும் அளவு மிகவும் குறைகிறது. மூடிய குழாய் என்பதால் ஆவியும் வெளியேறுவதில்லை. பெட்ரோலும் டீசலும் தனித்தனிக் கலன்களில் அடையாளச் சீட்டுடன் சேமிக்கப்படுகின்றன. இயந்திர எண்ணெய், நிறுத்தி எண்ணெய், குளிர்விப்பு நீர், குளிர்சாதன வாயு ஆகியவையும் தனித்தனியே அகற்றப்படுகின்றன. இத்தனையும் முடிந்த பிறகே வெட்டும் கருவி வாகனத்தைத் தொடும்.

இந்த வரிசை ஏன் முக்கியம் என்பதை வெட்டும் தொழிலாளியின் இடத்தில் நின்று பாருங்கள். அவர் கையிலுள்ள எரிவாயு வெட்டுக்கருவியின் சுடர் 3,000 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம் கொண்டது. எளிதில் தீப்பற்றாது என்று நாம் கருதும் டீசலும் அந்தச் சுடரின் முன் தாக்குப்பிடிக்காது. தமக்கு முன்னால் இருக்கும் தொட்டி வடிக்கப்பட்டதா, இல்லையா என்று அவருக்குத் தெரியாது. வாகனத்தை ஒப்படைத்தவரோ அந்நேரம் தம் வீட்டில் நிம்மதியாகத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார். நாம் ஒரு சொல் சொல்லாமல் விட்டது அந்தத் தொழிலாளியின் உயிருக்கு உலையாகலாம். பெரும்பாலும் அவர் தொலைதூரத்திலிருந்து பிழைப்பு தேடி வந்தவர். அவரை நம்பி ஒரு குடும்பம் காத்திருக்கும்.

என் கருத்துக்கு மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு, “பணம் கொடுத்து வாங்குகிறவர் பார்த்துக்கொள்வார், விற்றபின் எனக்கென்ன?” என்பது. வீட்டுக்கே வந்து, கையில் ரொக்கம் தந்து, சீட்டு எதுவும் கேட்காமல் வாகனத்தை ஏற்றிச் செல்பவர், அதை எங்கே கொண்டு செல்கிறார் என்று நாம் கேட்டதுண்டா? சாலைப் போக்குவரத்துத் துறையில் பதிவை முறையாக நீக்காமல் விட்டால், அந்த எண்ணுக்கு உரியவர் பதிவேட்டில் இன்னும் நாமே. நம் பெயரில் உள்ள ஒரு பொருள் வேறொருவருக்குத் தீங்கு செய்தால், ‘எனக்கென்ன’ என்று நாம் விலகிவிட முடியாது.

இரண்டாவது மறுப்பு, செலவைப் பற்றியது. உரிமம் பெற்ற மையம் தொலைவில் இருக்கலாம். அவர்கள் தரும் விலை சற்றுக் குறைவாக இருக்கலாம். இதை நான் மறுக்கவில்லை. ஓய்வூதியத்தில் வாழும் ஒரு முதியவருக்கு நூறு ரிங்கிட் என்பதும் பெரிய தொகைதான். ஆனால், அந்த வேறுபாடு எதனால் வருகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தளம் அமைக்காமல், கருவி வாங்காமல், கழிவுக்குச் செலவழிக்காமல் இருப்பவரால் கூடுதல் விலை தர முடிகிறது. அந்தச் செலவு மறைந்துவிடவில்லை. தொழிலாளியின் உடலிலும் ஆற்று நீரிலும் ஏற்றிவைக்கப்படுகிறது. ‘யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்’ என்பார்கள். மகிழுந்தும் அப்படித்தான், அதன் இரும்பும் செம்பும் மின்கலமும் மறுசுழற்சிக்கு உரியவை. அந்தப் பொன்னைப் பெறுவதற்குப் பிறர் உயிரை விலையாகக் கொடுக்கக்கூடாது.

மூன்றாவது மறுப்பு, “சிறு பட்டறைக்காரர்களின் பிழைப்பைக் கெடுக்கிறீர்களே!” என்பது. இது சிந்திக்க வேண்டிய வாதம். நம் நாட்டிலும் சரி, சென்னைப் புதுப்பேட்டையிலும் சரி, பழைய வாகனங்களைப் பிரித்து, உதிரிபாகங்களை விற்று வாழும் கைதேர்ந்த தொழிலாளர்கள் பலர் உள்ளனர். அவர்களை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குப் பயிற்சியும் கருவியும் கிடைக்க வேண்டும் என்றே வலியுறுத்துகிறேன். எரிபொருளை உறிஞ்சும் கருவியைச் சிறு பட்டறைகள் பகிர்ந்து பயன்படுத்த வழி செய்யலாம். வட்டாரந்தோறும் குறிப்பிட்ட நாள்களில் நடமாடும் வடிப்பு வண்டி வந்து செல்லுமாறு ஊராட்சி மன்றங்கள் ஏற்பாடு செய்யலாம். 2020-ஆம் ஆண்டு மாநகரத் தகுதி பெற்ற நம் சுபாங் ஜெயா இதற்கு முன்மாதிரியாக விளங்கலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், 2005-ஆம் ஆண்டின் பட்டியலிடப்பட்ட கழிவுகள் பற்றிய விதிமுறைகளும் நம்மிடம் உள்ளன. பயன்படுத்திய இயந்திர எண்ணெய் அந்தப் பட்டியலில் அடங்கும். அத்தகைய கழிவுகளை எப்படிச் சேமிப்பது, யாரிடம் ஒப்படைப்பது என்பதையும் அவை வரையறுக்கின்றன. 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி அபராதத்தின் உச்ச அளவு 10 மில்லியன் ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. ஆயினும், தண்டனை என்பது தீங்கு நடந்த பின் வருவது. நடக்குமுன் தடுப்பதற்கு வேறொன்று வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2000-ஆம் ஆண்டிலேயே, பழைய வாகனங்களிலிருந்து எரிபொருளையும் பிற திரவங்களையும் முதலில் அகற்ற வேண்டும் என்று விதித்தது. ஜப்பானில் 2005 முதல் நடப்பிலுள்ள சட்டத்தின்படி, மறுசுழற்சிக்கான கட்டணத்தை உரிமையாளரே முன்கூட்டிச் செலுத்துகிறார். வாகனத்தை வாங்கும்போதே அதன் முடிவையும் சிந்திக்க வைக்கும் இந்த வழி நமக்கும் ஏற்றது என்பேன்.

அதுவரையில் நாம் செய்யக்கூடியவை எளிமையானவை. வாகனம் இன்னும் ஓடும் நிலையில் இருந்தால், அழிக்க முடிவு செய்த பின் எண்ணெய் நிலையத்தில் தொட்டியை நிரப்பாதீர்கள், ஓட்டியே குறைத்துவிடுங்கள். ஓடாத வாகனமாயின், தொட்டியைத் திறக்கவோ துளையிடவோ முயலாதீர்கள். ஒப்படைக்கும்போது, தொட்டியில் ஏறத்தாழ எவ்வளவு எரிபொருள் உள்ளது, அது பெட்ரோலா டீசலா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். சுற்றுச்சூழல் துறையின் உரிமம் உள்ளதா என்று கேளுங்கள். ஒப்படைத்ததற்கான சீட்டைப் பெறுங்கள். பதிவு நீக்கத்தை முடித்துவிடுங்கள். வாகனத்தைச் சாலையோரத்தில் கைவிட்டுப் போகாதீர்கள். மழையிலும் வெயிலிலும் துருவேறும் தொட்டி ஒருநாள் தானாகவே கசியும். பெட்ரோல் வாடை வீசினால், விளக்குச் சொடுக்கியையும் தொடாமல் விலகிச் சென்று 999 என்ற எண்ணை அழையுங்கள்.

அன்று மாலை அடுத்த வீட்டுப் பெரியவர் குழாயைச் சுருட்டி வைத்தார். மறுநாள் வந்த லாரிக்காரரைத் திருப்பி அனுப்பினார். அடுத்த வாரம் உரிமம் பெற்ற மையத்தின் இழுவை வண்டி வந்தது. “தொட்டியில் பத்து லிட்டர் இருக்கும், பெட்ரோல்,” என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். ஓட்டுநர் அதைத் தாளில் குறித்துக்கொண்டார். லாரிக்காரர் தருவதாகச் சொன்னதைவிட எண்பது ரிங்கிட் குறைவாகவே கிடைத்தது. “போகட்டும் தம்பி, அந்தக் கார் என் பிள்ளைகளை ஒரு நாளும் வழியில் விட்டதில்லை. அது போகும்போது இன்னொருவர் வீட்டுப் பிள்ளைக்குக் கேடு வரக்கூடாது,” என்றார்.

மாணவர்களே, உங்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் ஓட்டுநர் உரிமம் பெறுவீர்கள். முதல் மகிழுந்தை வாங்கும் நாளில் மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின்கீழ் வைத்து மகிழ்வீர்கள். அதே வாகனத்தை அனுப்பிவைக்கும் நாளும் ஒன்று வரும். அன்றைக்கு அதன் தொட்டியில் கிடக்கும் கடைசிச் சொட்டும் உங்கள் பொறுப்பே என்பதை நினைவிற்கொள்ளுங்கள். இப்போதே உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஓடாமல் நிற்கும் வாகனம் ஒன்று இருக்கலாம். அதைப் பற்றி இன்றே பெற்றோரிடம் பேசுங்கள். வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை.